காருக்கு முன்னால் தொங்கிய பிளக்

நான் இதுவரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வில்லாபுரத்துச் சமையலறையில் நின்றபடியே, கனடாவில் இருந்த என் அத்தானை நடுரோட்டில் உறைய வைத்தவள் நான்தான். நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்கா இன்னும் மோசமாகச் சொல்வாள்.

அப்போது நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக வயரை இழுத்துச் சார்ஜ் போடுவேன். அந்த ஒரே தகுதியில், தெருவில் யார் வண்டி மக்கர் செய்தாலும் போய் நின்று விளக்கம் சொல்வேன். (கேட்டவர்களைவிடக் கேட்காதவர்களுக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.)

அக்கா செல்வியின் கணவர் பாண்டி அத்தான் கனடா போய் மூன்று மாதம். ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, மறுநாள் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். விற்றவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்களுக்குக் காலை இட்லி நேரம், அத்தானுக்கு முந்தின நாள் சாயங்காலம். வீடியோவில் வந்தார்.

"மலரு, வண்டி மூஞ்சியில ஒரு பிளக்கு தொங்குதும்மா. எதுக்குன்னு தெரியல."

அக்கா வாயைத் திறப்பதற்குள் போனைப் பிடுங்கினேன். "எலெக்ட்ரிக் வண்டி அத்தான்! இதுகூடத் தெரியலையா? சொருகுங்க."

"அப்ப ஏன் இம்புட்டுச் சத்தம் போடுது?"

"குளிர்ல நடுங்குது."

"மீட்டர் முள்ளு E-ல நிக்குதே?"

"E-ன்னா எலெக்ட்ரிக்."

அக்கா இடையில் புகுந்தாள். "எதுக்கும் அங்கன யாரையாச்சும் கேட்டுக்கங்க."

"மலருக்குத் தெரியாததா?" என்றார் அத்தான். (இந்த ஒரு வரிதான் இன்றும் குத்துகிறது.)

அன்று மாலை, அவருக்கு விடிந்ததும் செய்தி வந்தது. "ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிருச்சு மலரு! ஃபுல் சார்ஜு!" நான் அதைப் பக்கத்து வீட்டுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே அடுத்த அழைப்பு. திரை முழுக்க வெள்ளை. நடுவில் அத்தானின் மூக்கு மட்டும் சிவப்பாக.

"வண்டி நின்னுபோச்சு செல்வி. மொத நாளே லேட்டு. கையெல்லாம் மரத்துப்போச்சு..."

போன் அணைந்துவிட்டது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பத் திரும்ப அதே நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். எங்களுக்கு மின்விசிறி மூன்றில் ஓடியும் வியர்த்தது. அங்கே மைனஸ் முப்பது. அந்த முக்கால் மணி நேரமும் நான் ஒரு கருத்தும் சொல்லவில்லை. அம்மா அதைப் பார்த்துத்தான் பயந்துபோனாள்.

கடைசியில் அழைப்பு வந்தது. அத்தான் ஒரு பெரிய லாரிக்குள் கதகதப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், ரோட்டுப் பனியை வழிக்கும் அந்த லாரியின் டிரைவர், ஒரு பெரியவர், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் இல்லையாம். E-ன்னா எம்ப்டி, காலின்னு அர்த்தமாம்," என்றார் அத்தான். "அந்தப் பிளக்கு சார்ஜரும் இல்லையாம். இஞ்சினைச் சூடா வைக்கிற ஹீட்டராம். மார்கழியில நம்ம தேங்காயெண்ணெய் பாட்டிலோட உறையுதுல்ல, அந்த மாதிரி இஞ்சின் ஆயிலும் இறுகிப்போகுமாம். சொருகி வச்சாத்தான் காலையில கிளம்புமாம்."

"அப்ப சொருகச் சொன்னது சரிதானே அத்தான்?"

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

வேலை போகவில்லை. தாமதத்துக்குக் காரணம் கேட்ட மேற்பார்வையாளர், கதையைக் கேட்டுவிட்டு, மற்ற தொழிலாளர்களையும் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னாராம். அந்தத் தொழிற்சாலையில் இன்று எல்லோருக்கும் என் பெயர் தெரியும். (சரியாக உச்சரிக்கத்தான் வராது.)

இங்கேதான் நிலைமை மோசம். மிக்ஸி ஓடாவிட்டாலும் டிவி வராவிட்டாலும் நான் வாயைத் திறந்தால் போதும், "மொதல்ல பெட்ரோல் இருக்கான்னு பாத்தியா?" என்கிறார்கள். போன வாரம் தலை சுற்றுகிறது என்று சோபாவில் சாய்ந்தேன். ஒருவரும் பதறவில்லை.

"டாங்க் காலியா இருக்கும்," என்றாள் அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளுக்கு ரெண்டு இட்லி வையுங்கடி."