மெஷின் பொய் சொல்லாது

"ரெண்டு கிலோ கூடியிருக்கு!" என்று ஓட்டுநரம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அறிவித்தார் அவள் கணவர். பரிசு விழுந்தவர் குரல் அது.

ஓட்டுநரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிப் பேருந்தில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. எடை இறங்கினால்தான் ஆபரேஷன். ஆபரேஷன் நடந்தால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட முடியும். இந்த ஊட்டச்சத்து மையத்துக்கு முதல் தடவை தனியாகத்தான் வந்தாள். அன்று எடுத்த எடை குறையவேண்டும், அவ்வளவுதான் பேச்சு. அடுத்த தடவையிலிருந்து, "நீ ஏமாத்துவ" என்று கணவரும் ஒட்டிக்கொண்டார். ஆள் ஒல்லி, குள்ளம். அறிவுரை மட்டும் ஆளைவிடப் பெரிசு.

"நைட் என்ன சாப்பிட்டீங்க?" என்று மேஜையை விட்டு அசையாமல் கேட்டார் ஆலோசகர்.

"நீங்க சொன்னதுதான் மேடம். அரை வயித்தோட படுக்கிறேன். இடுப்புல துணி நிக்காம ஊக்கு குத்தியிருக்கேன், வந்து பாருங்க!"

"துணி இளகும்மா. மெஷின் பொய் சொல்லாது."

"திருட்டுத் தீனி மேடம்," என்றார் கணவர். "ஃப்ரிட்ஜுக்கே பூட்டுப் போட்டுட்டேன். அப்பவும் ஏறுதுன்னா என்ன அர்த்தம்?"

"சாவியை முழுங்கிட்டேன்னு அர்த்தம்!"

செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மறுபடி எடை மெஷின்மேல் ஏறினாள். கணவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இன்னும் அரைக் கிலோ ஏறிடுச்சு!"

கைப்பையை இறக்கிவைத்தாள். இன்னும் ஏறியது. கைக்கடிகாரத்தையும் வளையலையும் உருவிப் போட்டாள். கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் நன்றாக எக்கினார்.

"கழட்டக் கழட்ட ஏறுது மேடம்! இப்படி ஒரு உடம்பை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

ஆலோசகர் கண்ணைச் சுருக்கினார். "வாயில ஏதாவது ஒதுக்கி வெச்சிருக்கீங்களா?"

என்ன அநியாயம் இது! ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளைக் கீறல் படாமல் வீடு சேர்த்தவள், பிடிபட்ட திருடி மாதிரி வாயைத் திறந்து காட்டினாள். கண் கலங்கியது. அது அழுகையில்லை, அத்தனையும் ஆத்திரம்.

"வாயில ஒண்ணுமில்ல. வயித்திலயும் ஒண்ணுமில்ல. போதுமா?"

"இதோட முடிச்சுக்கலாம். நீங்க ஒத்துழைக்கலன்னு டாக்டருக்கு எழுதி அனுப்பிடறேன். ஆபரேஷனை மறந்துடுங்க."

"மேடம், எனக்கு வேலையே போயிடும்! இன்னும் ஒரே ஒரு தடவை!"

"ஏறு, ஏறு. நீயே உன் வாயால ஒத்துக்கப் போற," என்று கணவர் பின்னால் வந்து தோளைப் பற்றினார்.

கதவருகே வெகுநேரமாகக் காத்திருந்த அடுத்த டோக்கன்காரர் பொறுமையிழந்து உள்ளே தலையை நீட்டினார்.

"ஏன் சார், அந்தம்மா ஏறும்போதெல்லாம் நீங்களும் ஒரு காலைத் தூக்கி மெஷின் மேல வைக்கிறீங்களே, இங்க ஜோடியாத்தான் எடை பாப்பாங்களா?"