பிறை பதினைந்தும் வெண்கட்டி டீச்சரும்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் பொலிஸ், சட்டத்தரணி, கந்தோர்க்காரர் எல்லாரும் ஒன்றுசேர்ந்து பயந்த ஒரே ஆள் வெண்கட்டி டீச்சர்தான். விசேட கல்வி வகுப்பில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சிறுவர் வழக்கு நாளென்றால் சாய்ந்தமருதிலிருந்து முதல் பஸ்ஸில் கல்முனை நீதிமன்றத்துக்கு வந்துவிடுவார். கைப்பையில் வெண்கட்டி இருக்கும். கண்ட இடத்தில் எழுதி, பிடிபட்ட பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று பார்ப்பார்.

ஒருநாள் பொலிஸ் ஜீப்பின் பொனட்டிலேயே ‘மரம்’ என்று எழுதினார். பையன் முழிக்க, சார்ஜன்ட் முந்திக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

“ஒங்களுக்குத் தெரியும் சேர். கொஞ்சம் சும்மா இரிங்க” என்றார் டீச்சர்.

நான் நன்னடத்தைக் கந்தோரில் கிளாக். என்னையும் ஒருநாள் பிடித்தார். அஸ்கர் என்ற பதினைந்து வயதுப் பையன் யாருடையதோ சைக்கிளை எடுத்து ஓடிய வழக்கு. மாதாமாதம் பதினைந்தாம் திகதி கந்தோருக்கு வரவேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுத்தவன் நான். மூன்று மாதம் ஆளைக் காணவில்லை. ‘வேண்டுமென்றே வரவில்லை’ என்று அறிக்கை எழுதியவனும் நானே. அவனைத் தூரத்துச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்ப அன்று கட்டளை வர இருந்தது. அவன் உம்மா நீதிமன்ற வாசலில் அழுதுகொண்டு நின்றார்.

டீச்சர் எழும்பி, என் துண்டை அஸ்கரிடம் நீட்டினார்.

“வாசி மனெ.”

அவன் தலையைக் குனிந்தான். “தெரியா டீச்சர்.”

“அப்ப எந்த நாள் வாறதெண்டு எப்படித் தெரியும்?”

“பதினஞ்சு எண்டு கிளாக்கர் சொன்னாரு. பிறை பதினஞ்சுக்கு மூணு தரமும் போனன். கந்தோர்க் கேட்டு பூட்டிக் கிடந்திச்சி.”

கடலுக்குப் போகும் வீடு. நாளைப் பிறை பார்த்துத்தான் எண்ணுவார்கள். பிறை பதினைந்தென்றால் பூரணை. பூரணையென்றால் போயா விடுமுறை. நாடே கந்தோரைப் பூட்டும் நாளில் பையன் தவறாமல் வந்து நின்றிருக்கிறான். நீதவானே சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

“சொன்ன சொல்லுக்கு வந்திரிக்கான் ஐயா. எட்டு வருசம் பள்ளிக்கூடத்தில இருந்த புள்ளைக்கு எழுத்துப் பிடிபடல்ல. ஏனெண்டு ஒருத்தரும் கேக்கல்ல. இல்லத்துக்கு அனுப்பாதீங்க, எனக்கிட்டத் தாங்க.”

அஸ்கர் வீட்டிலிருந்தே டீச்சரிடம் படிக்கலாம் என்று கட்டளையானது. வெளியே வந்ததும் டீச்சர் என் கறுப்பு ஃபைல் மட்டையில் பெரிய முட்டை ஒன்று போட்டார்.

“இது ஒங்கட மார்க், தம்பி.”

அடுத்த போயாவுக்கு மனம் கேட்காமல் கந்தோருக்குப் போனேன். பூட்டிய கேட்டில் அஸ்கர் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் டீச்சர்.

“இங்க என்ன செய்றீங்க டீச்சர்?”

“இன்னும் ஆரும் புள்ளை பிறை பாத்து வந்தா?”

டீச்சர் மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடமாகிறது. இப்போது போயா நாளில் கேட்டைத் திறந்துவைத்து உட்காருகிறவன் நான்தான். சட்டைப்பையில் ஒரு வெண்கட்டியும் வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை; டீச்சரை நினைத்தால் போகாமலிருக்க முடியவில்லை.