ஹோர்ன் அடிக்காத விசேட பஸ்

அன்று மூன்று மணிக்கு ஊர்காவற்றுறை மைதானத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மாலுமிகள் பதினொரு பேர், அவர்களுடைய கப்டன், நடுவராக விசிலோடு நின்ற பாதிரியார், பஸ் டிப்போவின் அதிகாரி, கச்சான் கடலை விற்கும் ஒருவர், வெறும் பஸ் ஒன்று, அதன் றைவரும் கொண்டக்டரும், அதிலிருந்து இறங்கிய நான். இல்லாதவர்கள்: எங்கள் அணி, பார்வையாளர்கள், கோல் கம்பத்துக்குக் கட்ட வேண்டிய வலை, அந்த வலையை வைத்திருந்த என் தகப்பன், அதாவது அப்பு.

இவ்வளவு பேரையும் வரவிடாமல் செய்தவன் நான். அதுவும் தனி ஒருவனாக, ஒரு மாதம் பாடுபட்டு.

எண்பத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம் அது. (அந்த ஆண்டின் மிச்சம் எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். இது அதற்கு முந்தின கதை. அப்போது எங்களுக்குக் கவலைப்பட உதைபந்தாட்டம் இருந்தது.) உரம் இறக்க வந்த சரக்குக் கப்பல் ஒன்று ஊர்காவற்றுறைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. அதில் வேலை செய்தவர்கள் நாலைந்து நாட்டுக்காரர். கரைக்கு வந்தபோது எங்கள் பெடியள் பந்தடிப்பதைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் ஒரு மச் விளையாட ஆசை என்றார்கள். அவ்வளவுதான். மறுநாளே எங்கள் இளைஞர் கழகம் தீவு முழுக்க நோட்டீஸ் ஒட்டியது: "மாபெரும் சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி."

கழகத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாப் பதவிக்கும் ஆள் இருந்தது. ஆனால் என்னை விடவும் முடியாது. உயர்தரம் பாஸ் பண்ணியவன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆம்பிளையே நான்தான். ஆகவே எனக்காகவே ஒரு பதவியை உண்டாக்கினார்கள்: போக்குவரத்துச் செயலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சுருவில் எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு வர ஒரு விசேட பஸ். அதைக் கேட்டு வாங்கி ஒழுங்காக ஓட்டுவிப்பது என் பொறுப்பு.

டிப்போ அதிகாரியிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீர் வேலை தேடுறீராம் எண்டு கேள்விப்பட்டன்."

"ஓம் சேர்."

"டைம்கீப்பர் ஒராள் தேவைப்படுது. மச் அண்டைக்கு நானும் வாறன். நீர் இந்த பஸ்ஸை எப்பிடி நடத்துறீர் எண்டு பாப்பம்."

அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பு மீன்பிடிகாரர். கடல் சில நாள் தரும், பல நாள் தராது. மாதம் முடிய ஒருவர் கையில் சம்பளம் வைப்பார் என்பது எங்கள் வீட்டில் யாரும் கண்டறியாத அதிசயம். விடிந்ததும் அப்பு மண்கும்பான் கரையில் நின்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: "என்ரை பெடியன் சொன்னால்தான் இனி பஸ் வெளிக்கிடும்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பஸ்ஸை அதன்பாட்டுக்கு விட்டிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகை இருந்தது. ஏதோ ஒரு பெரிய நகரத்தில் உலக விளையாட்டு விழாவுக்கு பஸ்கள் ஓடிய விதத்தை அதில் படத்தோடு போட்டிருந்தார்கள். அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன். அதில் எனக்கு விளங்கியது மூன்று விஷயம். தரிப்பிடங்கள் சம தூரத்தில் இருக்க வேண்டும். தரிப்பிடம் தவிர வேறெங்கும் பஸ் நிற்கக் கூடாது. வீணாக ஹோர்ன் அடிக்கக் கூடாது.

எங்கள் தீவில் பஸ் ஓடிய விதம் வேறு. றைவர் செல்லத்துரை அண்ணை அல்லைப்பிட்டியில் ஹோர்ன் அடித்தால், வெட்டவெளி நிலமல்லவா, காற்றில் மண்கும்பான் வரை கேட்கும். அதன் பிறகுதான் ஆம்பிளையள் குளிக்கப் போவார்கள், பெண்கள் சீலை மாற்றுவார்கள். பஸ் ஒவ்வொரு வீட்டு வாசல் படலையாக நின்று நின்று வரும். ஆள் வெளியே வராவிட்டால் கொண்டக்டர் குணம் இறங்கிப் போய்க் கூப்பிடுவான். "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன், பொறுக்கச் சொல்லு" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும். பஸ் பொறுக்கும்.

இந்தக் காட்டுமிராண்டித்தனத்தைத்தான் ஒழிக்கப் புறப்பட்டேன்.

சைக்கிள் சில்லின் சுற்றை எண்ணி எண்ணித் தெருவை அளந்து, சம தூரத்தில் பனந்தடி நட்டு, "தரிப்பிடம்" என்று பலகை அடித்தேன். தூரம் சரியாக வந்தது. இடம்தான் கொஞ்சம் பிசகியது. ஒன்று அல்லைப்பிட்டிக்கு முன்பாகவே தாழம் பற்றைக்குள் விழுந்தது. ஒன்று மனித வாடையே இல்லாத உவர்வெளியில். மண்கும்பானுக்கு உரியது நேரே சுடலையடியில்.

அம்மா கேட்டா: "சுடலையடியிலை நிண்டு கை காட்டினா எந்த றைவரடா நிப்பாட்டுவான்? பேய் எண்டெல்லோ நினைப்பான்."

"அம்மா, இது சர்வதேச முறை."

"எந்த நாட்டுப் பேய் எண்டாலும் பேய்தானே."

(இந்தக் கேள்விக்கு அந்தச் சஞ்சிகையில் பதில் இல்லை.)

போட்டி நாள். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸின் முன்படியில் கையில் இரவல் கடிகாரத்தோடு ஏறி நின்றேன். இன்னும் ஒருவரும் ஏறாவிட்டாலும், கடிகார முள் சொன்ன கணத்தில் "வெளிக்கிடுங்கோ" என்றேன். செல்லத்துரை அண்ணையின் கை பழக்கத்தில் ஹோர்னுக்குப் போனது.

"அண்ணை! கூடாது."

"ஹோர்ன் அடிக்காமல் பஸ் ஓடுறதோ?"

"வெளிநாட்டிலை அப்பிடித்தான்."

"அங்கை சனத்துக்குக் காது கேளாது போல" என்றுவிட்டு பஸ்ஸை எடுத்தார்.

பூனை மாதிரிப் போனோம். தாழம் பற்றைத் தரிப்பிடத்தில் ஒழுங்காக நின்றோம். ஒரு மாடு எங்களைப் பார்த்தது. அல்லைப்பிட்டியில் எங்கள் கோல் காப்பாளன் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றான். பஸ்ஸைக் கண்டதும் வாளியோடு ஓடி வந்தான். "நில்லுங்கோ, நில்லுங்கோ!" எனக்கும் மனம் கேட்கவில்லை. ஆனால் விதி விதிதானே. "அடுத்த தரிப்பிடத்துக்கு வாரும்!" என்று கத்தினேன். அடுத்த தரிப்பிடம் ஒரு மைல் கட்டைக்கு அப்பால் இருந்தது. ஆளோ இடுப்பில் ஈரச் சாரத்தோடு நின்றான்.

மண்கும்பான் வந்தது. எங்கள் படலையில் அப்பு. பெட்டியில் இருந்த பட்டுக்கரை வேட்டி, சால்வை. தோளில் வலை. கோல் கம்பத்துக்குக் கட்டப் பழைய வலை போதும் என்று சொல்லியிருந்தேன். அவர் புது வலையையே எடுத்து வந்திருந்தார்.

செல்லத்துரை அண்ணை வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, கொப்பர் நிக்கிறார்."

"தெரியும் அண்ணை. ஆனா இது தரிப்பிடம் இல்லையே."

"வலையும் தோளுமா நிக்கிறாரப்பா!"

"ஒருத்தருக்கு நிப்பாட்டினா எல்லாருக்கும் நிப்பாட்ட வேணும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அக்சிலேற்றரை ஏறி மிதித்தார். அப்பு ஒரு காலைத் தெருவில் வைத்தபடி நின்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டாரிடம் அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது: "அந்தா, முன்னுக்கு நிக்கிறான் பாருங்கோ, அவன்தான்."

வேலணையிலும் சுருவிலிலும் இதே கதைதான். மைதானத்தில் டிப்போ அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சரியா மூண்டு மணி! கெட்டிக்காரன். ஆக்கள் எங்கை?"

"அடுத்த பஸ்ஸிலை வருவினம் சேர்."

"அடுத்த பஸ் இருக்கோ?"

"இல்லை சேர்."

அவருடைய முகம் பழைய நிலைக்குத் திரும்பியது. செல்லத்துரை அண்ணையைப் பார்த்து, "திருப்பிக்கொண்டு போ, ஹோர்னிலை வைச்ச கையை எடுக்காதை" என்றார். பஸ் அலறிக்கொண்டு போனது.

ஆனால் கப்பல்காரருக்குப் பொறுக்க நேரமில்லை. பொழுது படமுன் கப்பல் வெளிக்கிட வேண்டுமாம். எப்படியோ ஓர் அணியைத் திரட்டினோம். கொண்டக்டர் குணம், கச்சான்காரர், இறங்குதுறையில் மூட்டை தூக்கிய சிலர். கோலுக்குள் நான். அதுவரை நான் பந்தைத் தொட்டது, கழகத்துக்காக அதை வாங்கி வந்த அன்று மட்டும்தான்.

மைதானத்தின் இரண்டு கோலுக்கும் பின்னால் கடல். வலை இல்லை என்பதால் என்னைத் தாண்டிய பந்தெல்லாம் நேரே கடலுக்குப் போனது. நானும் போனேன். மாலுமிகள் நல்ல மனிதர்கள். முதல் நாலைந்து கோலுக்குக் கைதட்டினார்கள், பிறகு வெட்கப்பட்டார்கள். கடைசியில் அவர்களில் ஒருவன் என்னோடு தண்ணீருக்குள் இறங்கிப் பந்து தேடினான். கடலுக்குள் அவர்களுக்குத்தானே பழக்கம்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஹோர்ன் கேட்டது. பஸ்ஸின் கூரையிலும் ஆள். மிதிபலகையில் தொங்கியபடி அப்பு. இறங்கியதும் வலையைக் கொண்டுவந்து என் பின்னால் கட்டத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் கோல் அடிக்கப் போகிறார்கள், எதிர்ப்பக்கம் கட்டினால் அழகாக இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை.

"அப்பு, அங்காலைக் கம்பத்திலை கட்டுங்கோவன்."

"அங்காலை கட்டி என்ன பிரியோசனம்? பந்து வாறது இஞ்சையெல்லோ."

சனம் முழுக்கச் சிரித்தது. டிப்போ அதிகாரியும் சிரித்தார். எனக்கு வேலை இல்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. பிறகு எங்கள் உண்மையான அணி இறங்கி ஒரு கோல் போட்டது. அது வலையில்லாத பக்கம் கடலுக்குள் விழுந்தது. முடிவு, பத்தொன்பதுக்கு ஒன்று.

அடுத்த கிழமை அதிகாரி கூப்பிட்டு மரியாதையாகவே சொன்னார்: "தம்பி, ஒரு பஸ் இவ்வளவு நேரத்துக்கு வந்து நான் கண்டதில்லை. ஆனா உம்மை டைம்கீப்பரா எடுத்தால் தீவுப்பகுதியிலை ஒருத்தரும் பஸ் ஏற ஏலாது." வேலை வேறொருவருக்குப் போனது. (அவரிடம் கைக்கடிகாரமே இல்லை.)

வீட்டுக்குப் போக மனமில்லாமல் போனேன். படலையில் பக்கத்து வீட்டுக்காரர் அப்புவிடம் கேட்டுக்கொண்டு நின்றார்: "என்னவாம், பெடியனுக்கு வேலை சரிவரேல்லையாமே?"

அப்பு நிமிர்ந்தே சொன்னார்: "அவன் பஸ்ஸை நேரத்துக்குத்தான் கொண்டுபோனவன். ஊர்தான் பிந்திப்போச்சு."

அந்த வசனம் எங்கள் குடும்பத்தைவிட்டுப் போகவேயில்லை. மகள் கணக்கில் கோட்டை விட்டாலும் சரி, மருமகனுக்கு விசா கிடைக்காவிட்டாலும் சரி, மனைவி குழம்பை அடிப்பிடிக்க விட்டாலும் சரி, யாராவது ஒருவர் "ஊர்தான் பிந்திப்போச்சு" என்பார்கள். அழ வந்தவர் சிரித்துவிடுவார்.

இப்படி ஒரு வசனம் சும்மா கிடைக்காது. எங்களுக்கு அதன் விலை, கிடைக்காமல் போன மாதச் சம்பளம் அறுநூற்றைம்பது ரூபா. ஓவர்டைம் தனி.