அரைச் சார்ஜுக்கு அனுமதி கோரி

பாளையங்கோட்டை,
ஆகஸ்ட் 1999.

பெங்களூரில் இருக்கும் எங்கள் அன்பு மாப்பிள்ளை ஜாஸ்பருக்கு, மாமனார் இஸ்ரவேல் ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இங்கே நானும், உங்கள் அத்தை ஞானசௌந்தரியும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் ஸ்டெபியும் அவர் கிருபையால் நலம். நீங்கள் விட்டுச் சென்ற செல்போன் நலமா இல்லையா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அதைப் பற்றியே இந்த விண்ணப்பம்.

ஸ்டெபியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீங்கள் ஊர் திரும்பிய அன்று, வீட்டுக்கு எழுதிப்போட்ட டெலிபோன் இன்னும் வராததை உத்தேசித்து, உங்கள் செல்போனையே என் கையில் கொடுத்தீர்கள். "வலி வந்த உடனே என் ரூமுக்குக் கூப்பிடுங்க மாமா. எந்நேரம்னாலும் கெளம்பி வந்துருதேன்" என்றீர்கள். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இன்னொன்றும் சொன்னீர்கள். "முழுசாத் தீந்த பெறகுதான் சார்ஜ் போடணும். பாதியில போட்டா பேட்டரி அதையே பழகிக்கிடும். ஆயுசு கொறஞ்சிரும்." நான் காலமெல்லாம் அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்த்தவன். மேலிருந்து வந்த உத்தரவைக் கூட்டியோ குறைத்தோ நடத்தி எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் மாப்பிள்ளை, அது தீர மாட்டேன் என்கிறது. திரையில் சார்ஜ் கட்டை கட்டையாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசிக் கட்டையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சரி, வெளிச்சம் எரிந்தால் சீக்கிரம் தீரும் என்று நானும் உங்கள் அத்தையும் முறைவைத்துப் பொத்தானை அமுக்கினோம். அவள் கீரை ஆய்ந்துகொண்டே அமுக்குவாள். அப்படி ஒருவழியாகத் தீர்த்து முடித்தால் அந்நேரம் பார்த்துக் கரண்டு போய்விடும். உங்கள் அத்தைக்கு வந்ததே கோபம். "வயித்துப்பிள்ளக்காரிக்குப் பசிக்கோ இல்லையோ, நேரத்துக்கு நேரம் ஊட்டுதோம். இதுக்கு மட்டும் என்னத்துக்கு உபவாசம்? பெத்த மகளுக்கு ஒரு சட்டம், பேட்டரிக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டாள். உத்தரவு மாப்பிள்ளையுடையது என்றேன். உங்கள் பெயரைச் சொன்னதால் பேச்சை நிறுத்தினாள், முறைப்பதை நிறுத்தவில்லை.

போன வாரம் ஜெபசீலன் ஐயர் ஸ்டெபிக்காக ஜெபம் பண்ண வந்திருந்தார். நம் சபைக் குருவானவர்தான், உங்கள் கல்யாணத்தை நடத்திவைத்தவர். அவர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கையில் என் சட்டைப் பையிலிருந்து, போன் தீர்ந்து அணையும்போது போடும் அந்தக் கடைசி மூச்சுச் சத்தம் வந்தது. காலையிலிருந்து அதற்காகவே காத்திருந்தவன் நான், வாய் தவறி "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன். ஆவியானவர் என்னை அசைத்துவிட்டார் என்று நினைத்து ஐயர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். ஸ்டெபி உட்கார முடியாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது.

அதன் பிறகு ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தேன். டவர் எட்டாத இடத்துக்குப் போனால் இந்தப் போன் டவரைத் தேடித் தேடியே களைத்துப்போகிறது. சீவலப்பேரியில் டவர் எட்டுவதில்லை. ஆகவே கட்டை குறைந்ததும் டவுன் பஸ் ஏறிச் சீவலப்பேரி போய், என்னோடு ஆபீசில் பியூனாக இருந்த முப்பிடாதி வீட்டு முற்றத்தில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அது அணைந்ததும் அடுத்த பஸ்ஸில் வந்து சார்ஜ் போட ஆரம்பித்தேன். முப்பிடாதி முதல் நாள் மோர் கொடுத்தான். மறுதடவை, "என்னய்யா இது, மேலுக்குச் சொகமில்லாத ஆள வச்சிக்கிட்டு எப்பம் உயிர் போவும்னு பாத்துக்கிட்டு இருக்க மாதிரில்லா இருக்கு? பக்கத்து வீட்ல எழவு வீடான்னு கேக்காவ" என்றான். எனக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இதெல்லாம் நான் பட்ட பாடு, போகட்டும். நேற்று முன்தினம் நடந்ததுதான் மனசை அறுக்கிறது. நீங்கள் கூப்பிட்டீர்கள். ஸ்டெபி ஒருக்களித்துப் படுத்தபடி பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்கள் சொல்லவந்த நேரத்தில் போன் அணைந்துவிட்டது. நான் அடுத்த அறையிலிருந்து ஆசையாக ஓடிவந்து, "தீந்துட்டா?" என்று கேட்டேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒங்களுக்கு இந்தப் பேட்டரிதாம்ப்பா மக. அதுக்கு ஒண்ணும் ஆவாமப் பாத்துக்கிடுங்க" என்றாள். அப்புறம் சாப்பிடவும் வரவில்லை. மாப்பிள்ளை, ஒரே மகள். அவளுக்கு வேண்டியது உங்கள் குரல். நான் அதைத்தான் தினமும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

டாக்டரம்மா இன்றைக்கோ நாளைக்கோ என்கிறார். அந்த நேரத்தில் போன் அணைந்து கிடந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே, பிரசவம் முடியும்வரை மட்டும், பேட்டரியில் பாதி இருக்கும்போதே சார்ஜ் போட்டுக்கொள்ள எனக்கு எழுத்துமூலமாக அனுமதி தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கவந்த இரண்டு தடவையும் அது தீர்ந்துவிட்டது. தவிர, வாய்மொழி உத்தரவை நம்பி நான் எதுவும் செய்ததில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்துக்கொள்வாராக. அத்தையின் அன்பையும் ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும் மாமனார்,
இஸ்ரவேல்.

பின்குறிப்பு: இதை உறையில் போடும் முன்பே ஸ்டெபிக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன பின் போனைப் பார்த்தேன், சரியாகப் பாதி இருந்தது. அனுமதிக்குக் காத்திருக்கவில்லை, மாப்பிள்ளை. வராந்தாவில் தண்ணீர் குளிர வைக்கும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நம் சார்ஜரைச் சொருகினேன். சொருகியபடியேதான் உங்களுக்கு வலி வந்த சேதி சொன்னேன். ராத்திரி பஸ் போய்விட்டது, விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன் என்றீர்கள். சொருகியபடியேதான் விடியும்வரை நின்றேன். நர்ஸம்மா வந்து பெண் குழந்தை, இருவரும் சுகம் என்றதும், நீங்கள் கிளம்பும் முன்பே மறுபடி உங்கள் ரூமுக்குக் கூப்பிட்டேன். பிள்ளையின் சத்தத்தை உங்களுக்குக் கேட்க வைக்க வேண்டும், ஆனால் வயர் அறைவரை எட்டவில்லை. "கழத்திட்டு உள்ள வாங்களேன் தாத்தா" என்றார் நர்ஸம்மா. கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. "பிள்ளைய இங்கன கொண்டாங்கம்மா" என்று கெஞ்சினேன். கொண்டுவந்தார்கள். உங்கள் மகள் போனுக்குள் வாய் வைத்துக் கத்தினாள்.

இதைத் தபாலில் சேர்க்கப்போவதில்லை. நீங்கள்தான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறீர்களே, கையிலேயே தருகிறேன். பேட்டரியின் ஆயுசு குறைந்திருந்தால் என்னை மன்னியுங்கள். அவள் கத்தியதை நீங்கள் கேட்டீர்கள். அந்தப் பக்கம் நீங்கள் தேம்பித் தேம்பி அழுததை, படுக்கையில் இருந்த ஸ்டெபியிடம் நான் ஒன்றுவிடாமல் போய்ச் சொன்னேன். போன் அணைந்த அன்றிலிருந்து என்னோடு பேசாதவள், "இன்னொருக்கச் சொல்லுங்கப்பா" என்றாள்.