வெயிலில் அழுத மருமகன்

"ஒரு சொட்டு வருதா? ஒரே ஒரு சொட்டு!" என்று காதோரம் பல்லைக் கடித்தாள் ராதாமணி. "ஊரே ஒங்க கண்ணத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

மணிராஜ் கண்களை இறுக்கி மூடித் திறந்தான். கொட்டாவிதான் வந்தது. அவசரமாகத் துண்டால் வாயை மறைத்துக்கொண்டான்.

கூடத்தில் மாமனார் சுந்தரபாண்டியைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மாமியார் வெயிலம்மாள் உட்கார்ந்திருந்தாள். சுந்தரபாண்டி அவனுக்கு மாமனார் மட்டுமில்லை, அம்மாவுடன் கூடப்பிறந்த தாய்மாமன். ஆனால் ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாம் ஒரு பத்திரிகையால் வந்தது. புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் மணிராஜ் கட்டிங் மாஸ்டர். அங்கேயே வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பத்திரிகையில் முதலாளி பெயரை மேலே போட்டு மாமன் பெயரைக் கீழே போட்டுவிட்டான். மாமன் விசேஷத்துக்கு வந்தார். பத்திரிகையை மருமகன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கை நனைக்காமல் அடுத்த பஸ்ஸில் இந்தப் புதூருக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு இன்றுதான் மணிராஜ் இந்த வாசலை மிதிக்கிறான்.

"எங்கப்பாவுக்கு நீங்க அழலைன்னா எந்தம்பி சங்கரபாண்டி இனி நம்ம வீட்டுப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டான்" என்றாள் ராதாமணி. "எனக்குப் பொறந்த வீடு இன்னையோட முடிஞ்சுது. எந்திரிங்க. வெளிய போயி வாரவுகளுக்குக் கையாவது குடுங்க."

"வெளியவா? பந்தல் போட்டாச்சா?"

"பந்தக்காரன் இன்னும் விளாத்திகுளம் தாண்டல. போங்க."

மணிராஜ் வாசலை எட்டிப் பார்த்தான். பங்குனி மாதம், உச்சி வெயில். கரிசல் காடு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. சிறு வயதிலிருந்தே அவனுக்கு ஒரு கோளாறு. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் தும்மல் வரும். ஒன்றிரண்டோடு நிற்காது. தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடம் காட்டினான்.

"கண்ணுல வெளிச்சம் பட்டா சில பேருக்கு மூக்கு நரம்பும் சேர்ந்து முழிச்சுக்கிடும். ஏன்னு முழுசா யாருக்கும் தெரியல. மருந்து கிடையாது. வெயில்ல ஒரு நிமிசம் நின்னா தானா அடங்கிரும்" என்று அவர் அனுப்பிவிட்டார்.

இழவு வீட்டில் தும்மினால் சிரித்துவிடுவார்களே! துண்டை வாயில் அடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். வெயில் முகத்தில் அறைந்தது.

தோள் குலுங்கியது. "ம்க்க்... ம்க்க்..." நான்கு தடவை. துண்டை எடுத்தபோது மூக்கு சிவந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கன்னம் வரை இறங்கியிருந்தது.

வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழாதீங்க மாப்ள" என்று எழுந்து வந்து கையைப் பிடித்தார் பக்கத்து வீட்டுக் கிட்டு. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பேச்சு இல்லன்னாலும் உள்ளுக்குள்ள இருக்கிற பாசத்தப் பாத்தியளா? சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு துண்டக் கடிக்குதாரு!" என்றார்.

கதவோரம் நின்ற ராதாமணிக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. எட்டு வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள். வேகமாக வந்து, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து கொஞ்சம் உக்காருங்க" என்று கைத்தாங்கலாக அழைத்துப் போய், கம்பு மூட்டை அடுக்கிய இருட்டறையில் உட்கார வைத்தாள்.

"ஏட்டி, அது தும்மலுடீ!"

"எனக்குத் தெரியாதா? பேசாம இருங்க. கோவில்பட்டி வேன் வருது. அவிய இறங்கினதும் கூப்பிடுதேன்."

கோவில்பட்டிக்காரர்கள் இறங்கினார்கள். மணிராஜ் வெளியே வந்தான். ஐந்து தும்மல். மறுபடி இருட்டறை. அடுத்து எட்டயபுரத்துக்காரர்கள். ஏழு.

இதற்குள் மூத்த மருமகன் தங்கப்பாண்டியன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவர் மனைவி மாரிசெல்வி அவரை ஆட்டுக் கிடைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனாள்.

"ஆறு வருசமா எட்டிப் பாக்காதவரு இந்த அழுகை அழுதாரு. தினமும் எங்கப்பாகூட உக்காந்து காப்பி குடிச்ச ஒங்களுக்கு என்ன கேடு?"

"நான் காலையில ஆறு மணிக்கே அழுது முடிச்சிட்டேன் புள்ள. அப்ப பாக்க ஒரு ஆளு இல்ல" என்றார் தங்கப்பாண்டியன் பரிதாபமாக.

மணிராஜுக்கு மூக்கெல்லாம் எரிந்தது. இதற்கு மேல் தாங்காது. நான்காவது முறை ராதாமணி கூப்பிட்டபோது, வெளிச்சம் உள்ளே போகக் கூடாது என்று கண்களை இறுக மூடிக்கொண்டே படி இறங்கினான். ஒரு படியைக் கால் தவறவிட்டது. நேராகக் கிட்டுவின் மேல் போய் விழுந்தான்.

"மாப்ள சாஞ்சிட்டாரு! ஏலே, தண்ணி! தண்ணி!"

நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய், காற்று வரட்டும் என்று நட்டநடு முற்றத்தில் பெஞ்சியில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஒருவர் சோடாவை முகத்தில் பீய்ச்சினார். மணிராஜ் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். நேர் எதிரே சூரியன். துண்டு எங்கேயோ விழுந்து கிடந்தது.

"அச்சோ! அச்சோ! அச்சோ!" பதினோரு தடவை.

"'அச்சோ அச்சோ'ன்னு கதறுதாரே!" என்று கிட்டுவே அழ ஆரம்பித்துவிட்டார். முற்றத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் குரலெடுத்தார்கள். சங்கரபாண்டி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

"அத்தான்! ஒங்களப் போயி தப்பா நெனச்சிட்டனே! அப்பாவுக்கு முன்பக்கம் நீங்கதான் தோள் குடுக்கணும்."

"இல்ல சங்கரபாண்டி, அது வந்து... தும்..."

"பேசாதீங்க அத்தான். தொண்ட அடச்சிருச்சு பாருங்க."

பாடையைத் தூக்கும்போது வெயில் பழகிவிட்டிருந்தது. தும்மல் வரவில்லை. சுடுகாட்டுப் பாதையில் பாரம் தோளில் அழுத்தியபோதுதான், சின்ன வயதில் இதே மாமன் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தது மணிராஜுக்கு நினைவு வந்தது. ஒரு பத்திரிகைக்காக ஆறு வருடம் போய்விட்டதே என்று இருந்தது. ஆனால் கண் மட்டும் காய்ந்தே கிடந்தது.

"பாவம், காலையில இருந்து அழுது கண்ணீரே வத்திப்போச்சு" என்றார் கூடவே நடந்த கிட்டு.

எல்லாம் முடிந்து சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் சங்கரபாண்டி சொன்னான்: "கருமாதிப் பத்திரிகையில ஒங்க பேருதான் அத்தான் மொதல்ல. எம்பேரு அதுக்குக் கீழ. நாளைக்கே அச்சாபீசுக்குப் போறேன்."

அந்தச் சொல் மணிராஜை உள்ளே குத்தியது. மற்றவர்களை ஏமாற்றினால் போகட்டும். புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவளை ஏமாற்றக் கூடாது. கூடத்து மூலையில் தனியாக இருந்த வெயிலம்மாள் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அத்தை, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வையாதீங்க. மத்தியானம் நான் அழல. வெயில் பட்டா எனக்குத் தும்மல் வரும். அம்புட்டும் தும்மல்தான். ராதாமணிதான் உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு, ஆளு வர வர வெளிய அனுப்பினா."

வெயிலம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாராவது கேட்கிறார்களா என்று வாசலை ஒரு தடவை பார்த்தாள்.

"தெரியும் மருமவனே. எங்கப்பா செத்தன்னைக்கு ஒங்க மாமாவ மூணு தடவ இருட்டுல உக்கார வச்சு, மூணு தடவ வெயிலுக்கு அனுப்புனவ நாந்தான்."