பதினொரு கையெழுத்து

கையெழுத்து வாங்குவதில் எனக்கு இருந்த திமிர் நெடுந்தீவில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. படகுச் சேவை கேட்டு மகஜர், இறங்குதுறையைத் திருத்தச் சொல்லி மகஜர், குடிதண்ணீருக்கு மகஜர் எல்லாம் என் கையால் எழுதப்பட்டு, என் சைக்கிளில் வீடு வீடாகப் போனவை. (ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்பது வேறு கதை.) அந்தத் திமிர்தான் தங்கச்சி றஞ்சியின் வீட்டைத் தின்றது.

றஞ்சி என் சித்தப்பாவின் மகள். கணவன் செத்தபின் தகப்பனிடம் வந்து, படுக்கையில் விழுந்த மனிதரை ஆறு வருடம் பார்த்தவள். ஆனால் அவள் வருவதற்கு முன்பே சித்தப்பா நொத்தாரிசிடம் போய், வீட்டைக் கனடாவில் இருக்கும் மகனுக்கு உயில் எழுதி வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, முந்தின மரணசாதனத்தை மாத்த வேணும். வீடு றஞ்சிக்கு."

கடல் கொந்தளிப்பு. மூன்று நாளாகப் படகு இல்லை. ஊர்காவற்றுறையில் இருந்த நொத்தாரிசுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பழசில வெட்டித் திருத்தக் கூடாது. பழசை இரத்துச் செய்யிறன் எண்டு புதுசாய் எழுத வேணும். நான் வர ஏலாது, அதால அஞ்சு சாட்சி வேணும். அதோட அவை எல்லாரும்..." என்றார்.

அஞ்சு என்றதுமே நன்றி சொல்லி வைத்துவிட்டேன். கையெழுத்து விஷயத்தில் எனக்கே பாடமா?

அழகாக எழுதினேன். சித்தப்பா படுத்தபடியே ஒப்பம் வைத்தார். பக்கத்தில் நானும் றஞ்சியும் மட்டும். பிறகு தாளை உறையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். பனங்காணியில் ஒருவர், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இருவர், சந்திக் கடையில் நாலு பேர் என்று போய்க்கொண்டே இருந்தேன். சட்டம் ஐந்து கேட்டது, நான் பதினொன்று கொடுத்தேன். ஒருவர், "இந்த முறையாவது படகு விடுவினமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனையை வாங்கினார்.

அடுத்த வாரம் சித்தப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பதினொரு பேரும் ஒரே நேரத்தில ஐயாவுக்கு முன்னால நிண்டவையோ?"

"இல்லை. நான் வீடு வீடாய்ப் போனனான்."

கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இது செல்லாது. அஞ்சு பேரும் ஒண்டாய் நிண்டிருக்க வேணும். பழசுதான் நிக்கும்."

"சட்டம் சொல்லுறபடி செய்வம்" என்றான் கனடாக்காரன், தொலைபேசியில். வீடு விற்கப்பட்டது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. (சாட்சிக்குப் பதினொரு பேர் தயாராக இருந்தார்கள்.)

றஞ்சி சாமான்களைக் கட்டிய நாளில் சொந்தக்காரர் எல்லோரும் ஒரு படம் எடுக்க முற்றத்தில் நின்றோம்.

"அண்ணை, எல்லாரும் ஒண்டாய் நிக்கினமோ எண்டு எண்ணிப் பாருங்கோ. பிறகு செல்லாமல் போயிடும்" என்றாள். முதலில் சிரித்ததும் அவள்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது கலியாணம், ஞானஸ்நானம் எதில் படம் எடுத்தாலும் யாராவது அதைச் சொல்லுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். நாரந்தனையில் வாடகை அறையில் இருக்கும் றஞ்சியும் வந்து ஓரமாக நிற்பாள். நான் அவளிலிருந்து எண்ணத் தொடங்குவேன்.