மிசுகாவா நகர விரல் வலிமைத் திட்டம்

மிசுகாவா நகரத்துப் பிள்ளைகளின் விரல்கள் வலுவிழந்து வருகின்றன என்பதை எங்கள் நகராட்சி கண்டுபிடித்தது. எப்படிக் கண்டுபிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து நகரம் போன வருடமே கண்டுபிடித்துவிட்டது, அது போதாதா? வழுக்குகிற சோயா விதைகளைச் சாப்பாட்டுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னும் பிள்ளைகள்தான் இவர்கள். ஆனால் சோயா தின்பதற்குப் படிவம் கிடையாது.

சாகச வீரர் படங்களுக்கு வண்ணம் அடிக்கச் சொன்னால் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள், விரலும் தேறும் என்று யாரோ ஒரு நிபுணர் சொன்னார். நல்ல யோசனை. ஆகவே அதை ஒரு குழுவிடம் ஒப்படைத்தார்கள்.

குழு பதினான்கு முறை கூடியது. முகமூடி வேண்டாம், திருடன் என்று நினைப்பார்கள். முதுகில் பறக்கும் துணி வேண்டாம், கதவிடுக்கில் மாட்டும். மடக்கிய கை வேண்டாம், வன்முறை. புஜம் வேண்டாம், ஒல்லியான அப்பாக்கள் மனம் நோகும். கடைசியில் மிஞ்சியவர், கோட்டும் டையும் போட்டு, இடுப்பை முப்பது பாகை வளைத்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு நடுத்தர வயதுக்காரர். குப்பையைப் பார்த்த மாத்திரத்தில் ஏழு வகையாகப் பிரிப்பது அவருடைய அபூர்வ சக்தி. அனுமதிக்கப்பட்ட நிறம் சாம்பல்.

"இவரு வில்லனா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"இல்லப்பா, இவருதான் நம்மளக் காப்பாத்தறவரு," என்றார் மழலையர் பள்ளி நெமோட்டோ டீச்சர், முகத்தைச் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டு.

விதி எளிமையானது. வண்ணம் மூன்று இடங்களுக்கு மேல் கோடு தாண்டினால் 'விரல் போதாமை'. அந்தப் பிள்ளை ஏப்ரலில் பெரிய பள்ளிக்குப் போனாலும் முதல் வகுப்பில் மற்றவர்களோடு உட்காராது. தனி அறையில் உட்கார்ந்து விரல் வளர்க்கும்.

கான்டா என்ற ஆறு வயதுப் பையன் நாற்பத்தோரு இடங்களில் தாண்டியிருந்தான். வீரரின் முதுகில் சிவப்பாக ஒரு துணியை அவனாகவே போட்டு, தாளின் ஓரம்வரை பறக்கவிட்டிருந்தான். பாவம், அவனுக்குப் பள்ளிப்பை வாங்கி ஒரு வருடமாகிறது. அதை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடுவான், சாப்பிடுவான்.

விசாரணைக்கு நகராட்சியிலிருந்து ஒகுமுரா என்ற அதிகாரி வந்தார். பெற்றோர் சங்கத்தின் சார்பில் நானும் போய் உட்கார்ந்தேன். ஒகுமுரா பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். நாற்பத்தொன்று சரியாக இருந்தது.

"ஏம்பா, கோட்டுக்குள்ள அடிக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் மாமா. காத்தடிக்குது, துணி எப்படி உள்ள நிக்கும்?"

"சார், கொஞ்சம் பாருங்க," என்று அவன் அம்மா சிஹோ கெஞ்சினாள். "ரெண்டு கூட்டாளிங்களோட ஒரே பெஞ்சுல உக்காருவேன்னு நாள் எண்ணிட்டிருக்கான்."

"என் கையில என்னம்மா இருக்கு? விரல் அவனோடது, விதி நகராட்சியோடது."

போதாமைச் சான்றை எடுத்தார். கீழே மூன்று கட்டங்கள். இடது ஓரத்தில் பிரிவுத் தலைவருக்கு, நடுவில் ஒகுமுராவுக்கு, வலது ஓரத்தில் டீச்சருக்கு. ஒகுமுரா, கையெழுத்துக்குப் பதிலாக எல்லோரும் வைத்திருக்கும் பெயர் முத்திரையை மையில் ஒற்றி, எங்கள் ஊர் அலுவலக வழக்கப்படி, தலைவரின் கட்டத்தைப் பார்த்துத் தலைவணங்குகிற மாதிரி இடப்பக்கம் சாய்த்துக் குத்தினார். பணிவான மனிதர், நன்றாகவே சாய்ந்தது.

கான்டா எட்டிப் பார்த்தான். "மாமா, நீங்களும் கோடு தாண்டிட்டீங்க."

"இது தாண்டறது இல்லடா, மரியாதை."

"எம்புட்டு தாண்டியிருக்குன்னு அளந்து பாருங்க மாமா."

ஒகுமுரா நேர்மையானவர், அதுதான் வினையாகப் போயிற்று. அளந்தார், இரண்டு மில்லிமீட்டர். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதில் வயது வரம்பு போடவில்லை. பழைய கோப்புகளை நினைத்துப் பார்த்தார். மூன்று தடவையா, மூவாயிரம் தடவை தாண்டியிருப்பார். வேறு வழியின்றித் தன் பெயருக்கே ஒரு போதாமைச் சான்று எழுதி முத்திரை குத்தினார். அதுவும் தாண்டியது. அதற்கொரு சான்று எழுதினார். மதியத்துக்குள் பதினேழு சான்று சேர்ந்துவிட்டது.

"நேராத்தான் குத்துங்களேன் சார்," என்றார் டீச்சர்.

"நேராவா? தலைவர் பக்கத்துலயா? நல்லா இருக்கே டீச்சர், நான் வேலையில இருக்கறது பிடிக்கலையா உங்களுக்கு?"

விஷயம் மேலே போனது. பிரிவுத் தலைவரின் முத்திரைகளை எடுத்துப் பார்த்தால், அவை இன்னும் இடப்பக்கமிருக்கும் நகரத் தலைவரின் கட்டத்தை நோக்கிச் சாய்ந்து கோடு தாண்டியிருந்தன. மொத்த நகராட்சியையும் தனி அறையில் உட்கார வைக்க அறை இல்லை. ஆகவே குழு பதினைந்தாவது முறை கூடி, திருத்த ஆணை பிறப்பித்தது: இடப்பக்கம் தாண்டுவது மரியாதை, மற்றப் பக்கங்களில் தாண்டுவது மட்டுமே போதாமை.

கான்டாவின் காற்று நல்லவேளையாக வலப்பக்கமிருந்து அடித்து, துணியை இடப்பக்கமே பறக்கவிட்டிருந்தது. நாற்பத்தோரு தாண்டலும் நாற்பத்தோரு மரியாதையாயின. நகரத்திலேயே பணிவு மிக்க பிள்ளை என்று அவனுக்குப் பதக்கம் வந்தது. சிஹோ அழுதேவிட்டாள். அவன் பதக்கத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, "அப்போ நான் அவங்களோடயே உக்காரலாம்ல?" என்று மட்டும் கேட்டான்.

அலுவலகத்தை நினைத்து நாங்கள் பெற்றோர்கள் ஒரு வாரம் வயிறு குலுங்கச் சிரித்தோம். அடுத்த வாரம், பதக்கத்துக்கு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் மதிப்பு உண்டாமே என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு நின்றது. ரயில் நிலையத்தருகே 'இடப்பக்கத் தாண்டல் சிறப்புப் பயிற்சி' தொடங்கினார்கள். வரிசையில் இடம்பிடிக்க நான் விடியற்காலையிலேயே போனேன்.

என் மகள் யூனோவுக்கு ஐந்து வயது. நேற்று பயிற்சித் தாளில் வலப்பக்கம் தாண்டிவிட்டாள். என்னடி இது என்று அதட்டினேன்.

"பூனை, அப்பா. அவரு பின்னாடியே வருது."

"பூனையா? அழி அதை."

அழித்தாள். வீரர் இடப்பக்கம் பார்த்து, தனியாகக் குனிந்துகொண்டு நின்றார்.

"இப்பதான் சரி," என்றேன்.